வாரின் ஓரத்தில் நீலம்

விஜயகுமாரி வீட்டு பீரோவின் மேல் ஒரு ஷூ பெட்டி இருக்கிறது. எங்கள் கம்பெனிப் பெட்டிதான். பெண்கள் சைஸ் முப்பத்தெட்டு என்று பக்கவாட்டில் அச்சடித்திருக்கும். உள்ளே ஷூ இல்லை, நுழைவுச்சீட்டுகள். செஞ்சிக் கோட்டை, தரங்கம்பாடிக் கோட்டை, எழும்பூர் அருங்காட்சியகம், தஞ்சாவூர் அரண்மனை, ஸ்ரீரங்கப்பட்டணம் என்று பதினோரு வருஷத்துச் சீட்டுகள். பஸ்ஸில் கசங்கியதும் மழையில் நனைந்ததும் வியர்வையில் எழுத்து அழிந்ததும் எல்லாம் உண்டு. அவற்றுக்கெல்லாம் அடியில், பிளாஸ்டிக் உறைக்குள், வட்ட முத்திரை குத்திய ஒரு தாள் கிடக்கிறது. அது சீட்டு இல்லை. அது அந்தப் பெட்டிக்குள் வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். அந்தத் தாளில் என் கையெழுத்தும் உண்டு. ஆனாலும் அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ள எனக்கு வாய் வராது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

என் பெயர் அக்தர் பானு. ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்து ஷூ கம்பெனி ஒன்றில் நானும் விஜயகுமாரியும் பதினாறு வருஷமாக ஒரே மேசை. செலக்‌ஷன் மேசை என்பார்கள். தோல் பதனிடுகிற டேனரியிலிருந்து வருகிற தோல், கட்டிங்குக்குப் போவதற்கு முன்னால் எங்கள் கையைத் தாண்ட வேண்டும். விரிப்போம், வெளிச்சத்தில் சாய்ப்போம், கட்டைவிரலை அடியில் கொடுத்து நெளித்துப் பார்ப்போம். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, நரம்பு ஓடிய தடம் எல்லாம் அந்த ஒரு நெளிப்பில் தெரிந்துவிடும். அப்புறம் ஓரத்தைத் திருப்பி வெட்டுவாயை, அதாவது வெட்டுப்பட்ட விளிம்பை, பார்ப்போம். நாள் முழுக்க இதே வேலை. கண் பார்ப்பதற்கு முன்னால் கை பார்த்துவிடும். வீட்டில் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பையைத் தூக்கினால்கூட என் கட்டைவிரல் அதன் ஓரத்தை மடக்கிப் பார்க்கும். அது நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சோறு போடுகிற பழக்கம்.

மேசையில் ஒரு முறை வைத்திருக்கிறோம். ஒருத்தி ஒரு தோலைக் கழித்தால் அது உடனே கழிந்துவிடாது. டேனரிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் வேறு இரண்டு பேர் அதே தோலைப் பார்க்க வேண்டும். மூன்று பேரும் ஒத்துக்கொண்டால் தோலின் பின்பக்கத்தில் மூவரும் வெள்ளிப் பேனாவால் அவரவர் டோக்கன் நம்பரை எழுத வேண்டும். மூணு கை என்போம். மூணு கை விழுந்த தோலை மேனேஜரே வந்து நின்றாலும் திரும்ப மேசையில் ஏற்ற முடியாது.

விஜயகுமாரிக்கு ஊர் சுற்றுகிற பைத்தியம் பிடித்தது வேலூரில். அம்மாவை அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். ரிப்போர்ட் சாயங்காலம்தான் வரும் என்றார்கள். காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய் கோட்டைக்குள் நடந்தாள். மற்றவர்கள் அகழி ஓரம் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பார்கள். இவள் அருங்காட்சியகத்துக்குள் போனாள். அங்கே ஒரு நடுகல் முன்னால் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறாள். அடுத்த வாரம் மேசைக்கு வந்ததும் முதல் பேச்சே அதுதான்.

"பானு, மாட்ட ஓட்டிக்கினு போனவங்களோட சண்ட போட்டு ஒருத்தன் செத்துட்டானாம். அவனுக்குக் கல்லு நட்டு வெச்சிருக்காங்க. மாட்டுக்காவ."

"அதுக்கு இன்னா இப்ப?"

"அந்தக் கல்லுல அவன் இடுப்புல வார் கட்டியிருக்கான்டி. மடிப்பு கூட தெரியுது. அத ஒருத்தன் பதம் பண்ணி, ஒருத்தன் தச்சிருக்கணும் இல்ல? அவங்க பேரு எங்கியும் காணோம்."

அம்மா பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். பைத்தியம் மட்டும் மகளை விட்டுப் போகவில்லை.

அதன்பிறகு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் தோள்பையும் தண்ணீர் பாட்டிலுமாகக் கிளம்பிவிடுவாள். தெருவில் அவளுக்குக் கோட்டைக்காரி என்று பெயர் விழுந்தது. கோயிலுக்குப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். செத்துப்போன ராஜா வீட்டைப் பார்க்கப் போகிறாளாம், குடும்பப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று ஒரு வாத்தியார் வீட்டு அம்மாள் அவள் காதுபடவே சொன்னாள். விஜயகுமாரி நின்று திரும்பிப் பதில் சொன்னாள்.

"ராஜா வீட்டுக்குள்ள எங்க ஆளுங்க எப்பம்மா போனாங்க? இப்பத்தான் டிக்கெட் குடுத்து உள்ள உடறாங்க. நான் போவேன். ஒரு ரூம் பாக்கி இல்லாம பார்ப்பேன்."

அவள் புருஷன் ரத்தினசாமி டேனரியில் டிரம் ஓட்டுகிறவர். தோல் ஊறும் அந்தப் பெரிய மர உருளைகளோடு முப்பது வருஷம் வாழ்ந்து காது மந்தமான மனிதர். செத்தவன் சட்டையைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறதே என்று முனகுவார். முனகிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்து ரசம் வைத்துக்கொள்வார். ஒரு நாளும் போகாதே என்று சொன்னதில்லை.

ராஜாவின் கிரீடத்தையோ வாளையோ அவள் பெரிதாக மதிக்க மாட்டாள். குதிரைச் சேணம், கேடயத்தின் பிடி, முரசின் தோல், யானைக்குக் கட்டிய வார், இவற்றின் முன்னால்தான் நிற்பாள். யார் அணிந்தது என்று எழுதியிருக்கிறார்கள், யார் செய்தது என்று எழுதவில்லையே என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் எங்களிடம் திட்டுவாள். எல்லாம் கண்ணாடிக்குள் இருக்கும். கண்ணாடி இருந்ததால்தான் அவள் பதினோரு வருஷம் தப்பித்தாள்.

சென்ற மே மாதம் எங்கள் மேசைப் பெண்கள் பதிமூன்று பேர் இரண்டு நாள் டூர் போனோம். வருஷா வருஷம் போவதுதான். ஒரு கோயில், ஒரு அருவி, புடவைக் கடை, அவ்வளவுதான் எங்கள் டூர். அருங்காட்சியகம் ஒன்றைச் சேர்க்கச் சொல்லி விஜயகுமாரி ஒன்பது வருஷம் கேட்டு ஒன்பது வருஷமும் தோற்றாள். இந்த வருஷம் அருவி காய்ந்துவிட்டது. பாறையைப் பார்ப்பதற்குப் பழைய பானையையாவது பார்க்கலாம் என்று அரை மனதோடு ஒத்துக்கொண்டோம். வேன் ஓட்டியவர் மஹபூப் பாஷா. ஒரு மணி நேரம்தான் நிற்கும், அதற்கு மேல் நின்றால் வெயிட்டிங் காசு என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கள் ஊரிலிருந்து மூன்று மாவட்டம் தள்ளி, ஒரு பழைய ஜமீன் மாளிகை. அந்தக் குடும்பத்தின் அறக்கட்டளை அதைக் காட்சியகமாக வைத்து நடத்துகிறது. ஆறு அறை. நான்காவது அறையில் படைக்கலங்கள். சுவரில் துணி போர்த்திய பலகை, அதில் ஈட்டி, கேடயம், நடுவில் பித்தளைக் கொக்கி வைத்த ஒரு தோல் வார். கண்ணாடி இல்லை. முன்னால் ஒரு கயிறு மட்டும். தொடாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் பலகை. வாருக்குக் கீழே, "படைவீரனின் தோல் இடைவார், காலம் கி.பி. 1790" என்று எழுதியிருந்தது.

நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். மற்றவர்கள் பின்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். விஜயகுமாரி குனிந்தாள்.

"பானு, ஓரத்தப் பாரு."

நான் பார்ப்பதற்குள் அவள் கை கயிற்றைத் தாண்டிவிட்டது. கட்டைவிரல் வாரின் அடியில் போய் ஒரு நெளி நெளித்தது. ஓரம் திரும்பியது.

"ப்ளூ," என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் தொழிலில் என்ன அர்த்தம் என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் தோலை ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதம் செய்வார்கள். அப்படிச் செய்த தோலை எங்கே வெட்டினாலும் உள்ளே பழுப்பாக இருக்கும். இப்போது குரோம் என்கிற மருந்து போடுகிறார்கள். குரோம் போட்ட தோல் உள்ளே நீலமாகிவிடும். மேலே என்ன சாயம் பூசினாலும் வெட்டுவாயில் அந்த நீலம் எட்டிப் பார்க்கும். குரோம் நம் பக்கம் வந்து நூறு வருஷம் சொச்சம்தான் ஆகிறது. 1790 இல் செத்த சிப்பாய் அதை இடுப்பில் கட்டியிருக்க வழியே இல்லை.

"ஏய்! கையை எடு!"

காவலாளி கத்திய கத்தலில் செல்ஃபிகள் எல்லாம் நின்றன. விஜயகுமாரி கையை எடுத்துவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. தொடக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாதா? எங்களையெல்லாம் வாசலிலேயே நிற்க வைத்து எதையும் தொடாதீங்கடி என்று பாடம் எடுத்தவளே அவள்தான்.

பொறுப்பாளர் அறைக்கு அழைத்துப் போனார்கள். நானும் கூடப் போனேன். மூக்குக் கண்ணாடி போட்ட, ஐம்பது வயதுக்காரர். அடையாள அட்டை கேட்டார். அவள் பையில் கம்பெனி அட்டைதான் இருந்தது. கொடுத்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆம்பூரா? ஷூ கம்பெனியா?"

"ஆமா சார். செலக்‌ஷன்ல இருக்கேன்."

"தோல் வேலை." நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். "அதான பார்த்தேன். தோலைக் கண்டா உங்களுக்குக் கை சும்மா இருக்காது."

அந்த "உங்களுக்கு" யார் யாருக்கு என்று எங்கள் இருவருக்கும் விளங்கியது. பஸ்ஸில் ஏறினால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து உட்காருகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தை விடப் பயம் பெரிதாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

விஜயகுமாரி தப்பை ஒத்துக்கொண்டாள். "தொட்டது தப்பு சார். பழக்க தோஷம். மன்னிச்சுக்குங்க."

அதோடு விட்டிருக்கலாம். அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தானே எழுதி, அவள் முன்னால் தள்ளினார். "காட்சியில் இருந்த இடைவாரை எடுக்க முயன்று, அதன் தையலைப் பிரித்துச் சேதப்படுத்தினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். இனி இவ்வாறு செய்ய மாட்டேன்." அடியில் கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தார். தையல் பிரிந்திருந்தது உண்மை. அது நாங்கள் போவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே பிரிந்த தையல். பிரிந்த நூலில் தூசி அடைந்து கிடந்ததை நான் பார்த்தேன்.

"எடுக்க முயன்றுன்னா? திருட வந்தேன்னா சார்?"

"கயிறைத் தாண்டிக் கையைப் போட்டா வேற என்னம்மா? கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. இல்லன்னா இந்த கார்டுல இருக்கிற நம்பருக்கு ஃபோன் பண்றேன். அப்புறம் போலீஸ்."

இங்கேதான் சங்கதி இருக்கிறது. எங்கள் கம்பெனி கேட்டில் தினமும் வெளியே வரும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து காட்டுவோம். விரல் அளவு தோல் துண்டு இருந்தாலும் அன்றோடு வேலை போய்விடும். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் விஜயகுமாரி பையில் ஒரு நூல் கூட இருந்ததில்லை. இந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு அது ஒரு நாள் கம்பெனிக்குப் போனால், தோலைத் திருடினேன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி. போடாவிட்டால் இப்போதே ஃபோன் போகும். இரண்டு பக்கமும் இடி, மத்தளம் மாதிரி நடுவில் அவள்.

விஜயகுமாரி தாளை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"இதுல போட மாட்டேன்."

மற்றவர்கள் வேனுக்குத் திரும்பியிருந்தார்கள், விஷயம் அங்கே போனது. மே மாத வெயில். மஹபூப் பாஷா இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டார். பெண்கள் ஒவ்வொருத்தியாக எட்டிப் பார்த்து, போட்டுத் தொலையேன், நமக்கு இன்னா பேஜார், புடவைக் கடை மூடிடுவான் என்றார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஏனென்றால் அவர்களை விட மோசமாக நான் சொன்னேன். தாழ்வாரத்துக்கு அவளை இழுத்துப் போய், காதோடு சொன்னேன்.

"விஜயா, ஊரு பேரு தெரியாத இடம். யாருக்கும் தெரியப் போறதில்ல. கண்ண மூடிக்கினு ஒரு கையெழுத்து போடுடி. மானம் மருவாதி எல்லாம் ஊர்ல போய் பார்த்துக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீயும் பார்த்த இல்ல பானு? ப்ளூவ?"

பதிலுக்கு ஒரு காரியம் செய்தேன். ரத்தினசாமிக்கு ஃபோன் போட்டேன். புருஷன் அதட்டினால் கேட்பாள் என்று நினைத்தேன். அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, அவருக்குக் காது மந்தம் என்பதால் கத்தி நடந்ததை எல்லாம் சொன்னேன். அறையில் இருந்த பொறுப்பாளருக்கும் கேட்டிருக்கும். அப்புறம் அவர் கேட்டார்.

"அவகிட்ட குடு. இன்னாம்மே, தொட்டியா?"

"தொட்டேன்."

"எத்தினி வருஷத்துதுன்னு எழுதி இருக்கான்?"

"இருநூத்தி முப்பது வருஷத்துக்கு மேல."

"ஓரம்?"

"ப்ளூ."

"நல்லா பார்த்தியா? சாயம் ஏதாவது இருக்கப் போவுது."

"மடக்கிப் பார்த்தேன். உள்ளாறயே ப்ளூ."

"அப்ப கையெழுத்துப் போடாத," என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவமானமாக இருந்தது. முப்பது வருஷமாகக் குரோம் தண்ணீரில் நின்ற அந்த மனிதர் கேட்ட நான்கு கேள்விகளில் ஒன்றைக்கூட, கூடவே நின்ற நான் கேட்கவில்லை. அவள் சொன்னது உண்மையா என்று பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. எப்படித் தப்பிப்பது என்றுதான் தோன்றியது.

விஜயகுமாரி அறைக்குள் திரும்பப் போய் உட்கார்ந்தாள். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பேனா கேட்டாள். அவர் எழுதிய தாளைப் புரட்டி அதன் பின்பக்கத்தில் தானே எழுத ஆரம்பித்தாள். பத்தாவது வரை படித்தவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"நான் இடைவாரைக் கையால் தொட்டேன். தொடக்கூடாது என்று எழுதியிருந்தும் தொட்டது என் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். நான் அதை எடுக்கவில்லை. எடுக்க நினைக்கவும் இல்லை. தையல் முன்பே பிரிந்திருந்தது. இந்த வார் குரோம் போட்டுப் பதனிட்ட ஆட்டுத்தோல். வெட்டிய ஓரத்தில் நீலம் தெரிகிறது. கொக்கி பழையதாக இருக்கலாம், எனக்குத் தெரியாது. வார் 1790 ஆம் வருஷத்தது அல்ல. என் வேலை இதைப் பார்ப்பதுதான். வி. விஜயகுமாரி, டோக்கன் 1147."

பொறுப்பாளர் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது எங்க ஐயா காலத்துல இருந்து இருக்கிற பொருள். பெரிய பெரிய புரொஃபசருங்க வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க. நீ யாரும்மா இதைச் சொல்றதுக்கு? ஒருத்தி சொன்னா ஆயிடுமா?"

விஜயகுமாரி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஒருத்தி சொன்னா ஆகாது. அது கரெக்டுதான். பானு, கை போடறியா?"

மேசையில் தினமும் கேட்கிற கேள்வி. பதினாறு வருஷத்தில் ஆயிரம் தரம் கேட்டிருப்பாள், நானும் கேட்டிருப்பேன். அன்றைக்கு என் கண் வேன் நின்ற பக்கம் போனது. ஆனால் அந்தக் கேள்விக்கு வராமல் இருக்க எங்கள் மேசையில் யாருக்கும் வழி கிடையாது. கூப்பிடுகிறவள் நமக்குப் பிடித்தவளா பிடிக்காதவளா, சண்டைக்காரியா தோஸ்தா என்றெல்லாம் பார்க்க முடியாது. கூப்பிட்டால் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

நான் நான்காவது அறைக்குப் போனேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். காவலாளி என் முதுகுக்குப் பின்னால் மூச்சு விடும் தூரத்தில் நின்றான். செல்ஃபோன் விளக்கைப் போட்டு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, தையல் பிரிந்த இடத்தைப் பார்த்தேன். மேலே கறுப்பும் பழுப்புமாகச் சாயம். வெட்டுவாயில் மெல்லிசாக ஒரு கோடு, மழைமேக நிறத்தில். எங்கள் மேசையில் தினமும் நானூறு தரம் பார்க்கிற அதே நீலம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் சொன்னபோதே பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

மூன்றாவது கைக்கு முனியம்மாவைக் கூப்பிட்டேன். எங்களில் மூத்தவள். எதற்கும் சீக்கிரம் ஒத்துக்கொள்ளாதவள். மேசையில் அவள் கழித்ததை விட, நாங்கள் கழித்ததை அவள் காப்பாற்றியதுதான் ஜாஸ்தி. கால் வலி என்று வேனை விட்டே இறங்காமல் இருந்தாள். மூணு கை என்றதும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தாள். அவள் இறங்கியதும் மற்ற பத்துப் பேரும் இறங்கிவிட்டார்கள். புடவைக் கடைப் பேச்சு எங்கே போனதோ தெரியவில்லை.

முனியம்மா ஐந்து நிமிஷம் பார்த்தாள். இப்படிச் சாய்ந்து பார்த்தாள், அப்படிக் குனிந்து பார்த்தாள். காவலாளியைக் கூப்பிட்டு விளக்கைப் பிடிக்கச் சொன்னாள். அவனும் பிடித்தான். அப்புறம் பொறுப்பாளர் அறைக்கு வந்து நின்றாள்.

"ஆட்டுத்தோலு. குரோம். முப்பது நாப்பது வருஷம் இருக்கும், அதுக்கு மேல இல்ல," என்றாள். "பளயது அறுந்து போயிருக்கும். எவனோ புதுசு தச்சி கொக்கிய மாட்டியிருக்கான். தச்சவன் கை நல்ல கை. புதுசா தச்சதுன்னே எழுதி வெய்யுங்க சார், குத்தமில்ல."

விஜயகுமாரியின் கையெழுத்துக்குக் கீழே நான் 1302 என்று எழுதினேன். முனியம்மா 864 என்று எழுதினாள். பெயர் எழுத அவளுக்கு வராது. நம்பர் எழுதுவாள், அழுத்தி எழுதுவாள்.

பொறுப்பாளர் வாசலைப் பார்த்தார். வாசலை அடைத்துக்கொண்டு பத்துப் பெண்கள். யாரும் கத்தவில்லை. சும்மா நின்றார்கள். அவருக்கு வியர்த்தது. அவரும் சம்பளத்துக்கு இருக்கிறவர்தானே என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

"சரிம்மா, விடுங்க. பெரிய மனசு பண்ணி விடறேன். இந்தத் தாள் எதுக்கு, கிழிச்சுடலாம். கார்டை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. ஒண்ணும் நடக்கல."

எனக்கு உயிர் வந்தது. கையை நீட்டி அட்டையை எடுக்கப் போனேன். விஜயகுமாரி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எப்படி சார் ஒண்ணும் நடக்கல? திருட வந்தேன்னு எழுதுனீங்க. அது இந்தத் தாளுக்கு முன்பக்கத்துல இருக்கு. நான் எழுதுனது பின்பக்கத்துல இருக்கு. ரெண்டும் ஒரே தாள். கிழிக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து, பெற்றுக்கொண்டேன்னு எழுதி, சீல் போட்டுக் குடுங்க. ஒண்ணு உங்ககிட்ட இருக்கட்டும். ஒண்ணு எங்கிட்ட இருக்கும்."

"அதெல்லாம் முடியாதும்மா."

"அப்ப போலீஸுக்கே ஃபோன் பண்ணுங்க. இத்தயே அவங்ககிட்ட குடுக்கறேன். கம்பெனிக்கும் பண்ணுங்க. எங்க மேனேஜருக்கு ப்ளூன்னா இன்னான்னு தெரியும்."

அவள் குரல் ஏறவே இல்லை. மேசையில் டேனரிக்காரரோடு பேசுகிற அதே குரல். அவர் ஃபோனை எடுக்கவில்லை. மூலையில் இருந்த ஜெராக்ஸ் மெஷினைப் போட்டார். அது சூடாக வெகுநேரம் ஆனது. முத்திரையை முதலில் தலைகீழாகக் குத்திவிட்டார். விஜயகுமாரி பார்த்துச் சொன்னாள். நேராக இன்னொரு தரம் குத்தினார். அதனால்தான் அந்தத் தாளில் இரண்டு வட்டம் இருக்கிறது.

ஊருக்கு வந்த பிறகு யாரும் கம்பெனிக்கு ஃபோன் செய்யவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் அவளே அந்த நகலைக் கொண்டுபோய் எச்.ஆர். மேசையில் வைத்து, படித்துவிட்டுத் திருப்பித் தரச் சொன்னாள். இதையும் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. சீல் காய்ந்ததும் நாங்கள் எல்லோரும் வேன் பக்கம் திரும்பினோம். மஹபூப் பாஷா வண்டியை ஸ்டார்ட் செய்தே விட்டார்.

விஜயகுமாரி வரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காட்சியகத்தின் உள்வாசலைப் பார்த்து நடந்தாள். காவலாளி குறுக்கே வந்தான்.

"இன்னும் எங்கம்மா போற?"

"நாலு ரூம்தான் பார்த்தேன். இன்னும் ரெண்டு ரூம் பாக்கி இருக்கு."

"இவ்ளோ ஆனப்புறமும் உள்ள போவணுமா?"

அவள் நுழைவுச்சீட்டை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் திரும்பிப் பொறுப்பாளரைப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டு எதையோ எழுதுவது போல இருந்தார். காவலாளி நகர்ந்தான்.

நான் கைப்பையில் துழாவி என் சீட்டைத் தேடினேன். அடியில் கசங்கிக் கிடந்தது. அதை நீவி எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன். பின்னாலேயே முனியம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது, அதற்குப் பின்னால் மற்றவர்களும். நான்காவது அறையைக் கடக்கும்போது விஜயகுமாரி வாரின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தொடாதம்மா," என்றான் காவலாளி, பழக்கத்தில்.

"தொட வேணாம்," என்றாள். "பார்த்தாலே எனக்குத் தெரியும்."